பறித்த பழமும் மூச்சு விடும்

மே மாதம். பள்ளி விடுமுறை. பழக்கடையில் காஷ்மீர் ஆப்பிள் அடுக்கியிருக்கிறது. காஷ்மீரில் ஆப்பிள் பறிக்கும் காலம் ஆகஸ்டில் தொடங்கி நவம்பரில் முடிந்துவிடும். அப்படியானால் நீங்கள் மே மாதத்தில் கடிக்கும் ஆப்பிள், மரத்தை விட்டு இறங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஆனாலும் கடித்தால் நறுக்கென்கிறது, சாறு வருகிறது. அதே கடையில் தொங்கும் பழுத்த வாழைத்தாரோ நாலே நாளில் கறுத்துவிடுகிறது.

இப்போது ஒரு ரத்த வங்கிக்குள் போய்ப் பார்ப்போம். குளிர்பெட்டிக்குள் சிவப்பணுக்கள் நிரம்பிய பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எடுத்த தேதி, காலாவதி தேதி இரண்டும் ஒட்டியிருக்கும். இடைவெளி 42 நாள் வரை இருக்கும். சற்றுத் தள்ளி ஒரு தட்டு இடம் வலமாக மெதுவாக ஆடிக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் வெளிர்மஞ்சள் நிறத்தில் வேறு சில பைகள். அவை ரத்தத் தட்டணுக்கள். டெங்கு வந்தால் வீட்டில் பெரியவர்கள் ‘பிளேட்லெட் எவ்வளவு?’ என்று கேட்பார்களே, அவைதான். இந்தப் பைகளுக்கு 5 நாள்தான் கெடு. இரண்டு வகைப் பைகளும் ஒரே ஆள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தவையாகக்கூட இருக்கலாம்.

ஏன் இந்த வித்தியாசம்? பழத்தை ஆராய்ந்தவர்களும் நோயாளியைக் காப்பாற்ற ஆராய்ந்தவர்களும் வெவ்வேறு இடங்களில் உட்கார்ந்து ஒரே கேள்வியோடுதான் மல்லுக்கட்டினார்கள்: தாய் உடலை விட்டுப் பிரிந்த ஒரு பகுதியைக் கூடுதல் நேரம் உயிரோடு வைத்திருப்பது எப்படி?

செலவு மட்டும் உண்டு, வரவு இல்லை

பறித்த பழம் இறந்துபோன பொருள் இல்லை. அதன் ஒவ்வொரு செல்லும் ஆக்சிஜனை எடுக்கிறது, சர்க்கரையை எரிக்கிறது, கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறது. கூடவே கொஞ்சம் வெப்பமும் வரும். இதைத்தான் சுவாசம் என்று பாடத்தில் படிக்கிறீர்கள். மரத்தில் இருந்தவரை இலை சர்க்கரை அனுப்பியது, வேர் தண்ணீர் அனுப்பியது. காம்பை வெட்டிய நொடியில் இரண்டும் நின்றுபோயின. இனி கையிருப்பில்தான் காலம் தள்ள வேண்டும்.

ஒருவர் இறந்தபின் இன்னொருவருக்காகத் தானமாகக் கிடைக்கும் கல்லீரலின் நிலையும் இதுதான். ரத்த ஓட்டம் நின்றதும் ஆக்சிஜன் வரவில்லை, குளுக்கோஸ் வரவில்லை. செல்களின் செலவு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

வரவு இல்லாதபோது செய்யக்கூடியது செலவைக் குறைப்பது. அதற்கு எளிய வழி குளிர். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால், செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழப் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறைகிறது. அடுப்பை அணைக்காமல் சிம்மில் வைக்கிறோமே, அதுதான் இந்த வித்தை. அணைந்தால் உயிர் போய்விடும். பெரிதாக எரிந்தால் கையிருப்பு தீர்ந்துவிடும். எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் நூறாண்டு ஆராய்ச்சி தேவைப்பட்டது.

கடுகு சொல்லிக் கொடுத்த பாடம்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிராங்க்ளின் கிட் என்றொரு தாவரவியலாளர் இருந்தார். விதை ஏன் உடனே முளைக்காமல் உறங்குகிறது என்பது அவருடைய கேள்வி. வெண்கடுகு விதைகளைச் சுற்றிக் கார்பன் டை ஆக்சைடைக் கூட்டிப் பார்த்தார். விதைகள் முளைக்கவில்லை. ஆனால் பிறகு அவற்றை முளைக்கவைக்க முடிந்தது! அவை சாகவில்லை, காத்திருந்தன, அவ்வளவுதான்.

முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் உணவுத் தட்டுப்பாடு. விளைந்ததை அழுகவிடாமல் காப்பது அவசர வேலையானது. கிட், சிரில் வெஸ்ட் என்ற தன் நண்பரோடு சேர்ந்து ஆப்பிளை எடுத்துக்கொண்டார். விதையை உறங்கவைத்த வாயு பழத்தையும் உறங்கவைக்குமா? காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. அதைக் குறைத்தார்கள், கார்பன் டை ஆக்சைடைக் கூட்டினார்கள், குளிரையும் சேர்த்தார்கள். ஆப்பிளின் மூச்சு தணிந்தது, பழுப்பது தள்ளிப்போனது. அவர்களுடைய முறையில் வணிகத்துக்கான முதல் கிடங்கு 1929-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் எழுந்தது.

இன்று காஷ்மீரின் லாசிபோராவில் இருக்கும் ஆப்பிள் கிடங்குகளும் அதே வழியில்தான் இயங்குகின்றன. காற்றுப் புகாத அறை. வெப்பநிலை ஏறத்தாழ பூஜ்ஜியம் டிகிரி. ஆக்சிஜன் 2, 3 சதவீதம். கதவைப் பூட்டிவிட்டால், ஆக்சிஜனைச் சரிசெய்யாமல் யாரும் உள்ளே நுழையக்கூடாது. அந்தக் காற்றில் மனிதர் சில நிமிடம்கூடத் தாங்க மாட்டார். ஆப்பிளோ மாதக்கணக்கில் இருக்கும்.

ஆக்சிஜனை ஒரேயடியாக எடுத்துவிட்டால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றுகிறதா? எடுத்துப் பார்த்தார்கள். பழம் வேறு வழியில்லாமல் சர்க்கரையைப் புளிக்கவைத்துச் சாராய வாடை அடிக்கத் தொடங்கியது. குறைக்கலாம், நிறுத்தக்கூடாது.

போர்க்களத்தில் ஒரு ரத்தப் பெட்டி

அதே போர்க் காலத்தில் இன்னொரு தட்டுப்பாடும் இருந்தது. காயம்பட்ட வீரர்களுக்கு ரத்தம் வேண்டும். அன்றைக்குப் பெரும்பாலும் கொடுப்பவரும் வாங்குபவரும் அருகருகே படுத்தால்தான் ரத்தம் ஏற்ற முடியும். வெளியே எடுத்தால் உறைந்துவிடும்.

ரத்தம் உறைய கால்சியம் தேவை. சிட்ரேட் என்ற உப்பு அந்தக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எலுமிச்சையில் இருக்கிற சிட்ரிக் அமிலத்தின் உறவுக்காரப் பொருள்தான் இது. சிட்ரேட் கலந்தால் ரத்தம் உறையாது என்று 1914-இலேயே தெரிந்துவிட்டது. ஆனால் உறையாமல் இருந்தால் போதுமா? உள்ளே இருக்கும் செல்கள் பட்டினி கிடக்கின்றனவே!

1916-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வுக் கழகத்தில் பெய்டன் ரௌஸ், ஜே. ஆர். டர்னர் இருவரும் சிட்ரேட்டோடு சர்க்கரையையும் சேர்த்துக் குளிரில் வைத்தார்கள். முயலின் சிவப்பணுக்கள் வாரக்கணக்கில் தாக்குப்பிடித்தன. அடுத்த ஆண்டே ஆஸ்வால்ட் ராபர்ட்சன் என்ற இளம் மருத்துவர் இதைப் பிரான்ஸ் போர்முனைக்குக் கொண்டுபோனார். தோட்டா வந்த பெட்டிகளில் மரத்தூளும் பனிக்கட்டியும் போட்டு, ரத்தப் புட்டிகளை உள்ளே வைத்தார். உலகின் முதல் ரத்த வங்கி என்று பலரும் சொல்வது அந்தப் பெட்டியைத்தான்.

இன்றைய ரத்தப் பையிலும் சிட்ரேட்டும் குளுக்கோஸும் இருக்கின்றன. அவற்றோடு பாஸ்பேட், அடினைன் என்ற பொருட்களும் சேர்ந்தபோது கெடு 35 நாளானது. பிறகு வந்த ஊட்டக் கரைசல்கள் அதை 42 நாளாக்கின. வைக்கும் குளிர் 2 முதல் 6 டிகிரி. சிவப்பணுவுக்கு ஒரு வசதியும் உண்டு. அது ஆக்சிஜனைச் சுமக்குமே தவிர, தனக்கென்று செலவழிக்காது. கொஞ்சம் குளுக்கோஸ் கிடைத்தால் போதும், குளிரில் காலம் தள்ளிவிடும்.

குளிர் எல்லாருக்கும் ஆகாது

அப்படியென்றால் எல்லாவற்றையும் குளிர்பெட்டியில் அடைத்துவிடலாமே! வாழைப்பழத்தை வைத்துப் பாருங்கள். இரண்டு நாளில் தோல் கறுத்துவிடும். வாழை வெப்பநாட்டுப் பயிர். 13 டிகிரிக்குக் கீழே போனால் அதன் செல்களைச் சுற்றியிருக்கும் சவ்வு விறைத்துக் கசியத் தொடங்குகிறது. தனித்தனியே இருக்க வேண்டிய பொருட்கள் ஒன்றோடொன்று கலந்து கறுப்பு நிறம் உண்டாகிறது. கடல் கடந்து வாழைக்காய் கொண்டுபோகும் கப்பல்களில் குளிர் 13, 14 டிகிரியோடு நிறுத்தப்படுவது இதனால்தான்.

தட்டணுக்களுக்கும் குளிர் ஆகாது. தட்டையாக வட்டமாக இருக்கும் தட்டணு, குளிர்பட்டதும் உருண்டு, முள் முள்ளாக நீட்டிக்கொள்கிறது. அப்படிக் குளிர்ந்துபோனதை நோயாளிக்கு ஏற்றினால், அவர் உடம்பு அதை விரைவிலேயே வடிகட்டி அகற்றிவிடும். அதனால் தட்டணுப் பைகளை 20 முதல் 24 டிகிரியில் வைக்கிறார்கள். ஆட்டிக்கொண்டே இருப்பது ஏன் தெரியுமா? அந்த வெப்பநிலையில் தட்டணுக்கள் மும்முரமாக மூச்சு விடும். பையின் பிளாஸ்டிக், ஆக்சிஜன் உள்ளே போகவும் கார்பன் டை ஆக்சைடு வெளியே வரவும் இடம் கொடுக்கும் தனி வகை. பை அசைந்தால்தான் எல்லாத் தட்டணுக்களுக்கும் காற்று சீராகக் கிடைக்கும்.

ஆனால் செல்களுக்கு இதமான அந்தச் சூடு கிருமிகளுக்கும் இதம். தெரியாமல் ஒரு பாக்டீரியா உள்ளே புகுந்திருந்தால் பல்கிப் பெருகிவிடும். 5 நாள் கெடுவுக்கு இது முக்கியக் காரணம்.

பருப்பில் இருக்கும் சர்க்கரையும் கல்லீரலும்

சிறுநீரகத்தையும் கல்லீரலையும் 4 டிகிரி குளிரில் வைத்தால் வேறொரு சிக்கல் வருகிறது. நம் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும் புரத அமைப்பு உண்டு. குளிரில் அது வேலை செய்யாது. சோடியம் உள்ளே கசியும், பின்னாலேயே தண்ணீரும் நுழையும், செல் வீங்கும். வீங்கிய செல்களால் சிறு ரத்தக் குழாய்கள் அடைபட்டால், பொருத்திய பிறகு உறுப்பு வேலை செய்யாமல் போகலாம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கெர்ட் பெல்சர், ஜேம்ஸ் சவுதார்ட் இருவரும் இதற்காகவே ஒரு கரைசலைத் தயாரித்தார்கள். செல்லுக்குள் நுழைய முடியாத பெரிய மூலக்கூறுகளை அதில் போட்டார்கள். அவை வெளியே நின்று தண்ணீரை வெளியிலேயே பிடித்து வைக்கும். அப்படிப் போட்டவற்றில் ஒன்று ராஃபினோஸ். துவரை, உளுந்து, கொண்டைக்கடலையில் எல்லாம் இருக்கிற சர்க்கரை அது. 1987 வாக்கில் இந்தக் கரைசல் மருத்துவமனைக்கு வந்தபோது, கல்லீரலைக் காத்துவைக்கும் நேரம் இரு மடங்குக்கும் மேலாக நீண்டது.

இப்போது குளிர்பெட்டியில் இதயம் ஏறத்தாழ 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். கல்லீரல் 12 மணி நேரம், சிறுநீரகம் 24 மணி நேரத்துக்கும் மேல். 2014 ஜூனில் சென்னையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அரசு பொது மருத்துவமனையில் தானமாகக் கிடைத்த இதயத்தை அடையாறு கொண்டுபோக, போக்குவரத்துக் காவலர்கள் வழிநெடுக சிக்னல்களைத் திறந்துவைத்தார்கள். ஏறத்தாழ 12 கிலோமீட்டரை ஆம்புலன்ஸ் 14 நிமிடத்துக்குள் கடந்தது. அந்த அவசரத்துக்குக் காரணம் இந்த 4 மணி நேரக் கணக்குதான்.

குளிர் வேண்டாம் என்று எதிர்த்திசையில் போனவர்களும் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் ஒரு கல்லீரலை உடல் வெப்பத்திலேயே வைத்து, ரத்தமும் ஆக்சிஜனும் சத்தும் பாய்ச்சி, 3 நாள் இயந்திரத்தில் பராமரித்தார்கள். 2021-இல் அதை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். ஓராண்டு கழித்தும் அவர் நலமாக இருந்தார். இங்கே செலவைக் குறைக்கவில்லை, வரவை ஏற்படுத்திக் கொடுத்தார்கள்.

நோயாளியையே குளிரவைத்தால்?

மனிதர் முழுவதையுமே குளிரவைக்கலாமா? கனடாவின் வில்பிரட் பிகலோ, குளிர்காலம் முழுக்க உறங்கும் விலங்குகளைப் பார்த்து இதை யோசித்தார். உடல் குளிர்ந்தால் மூளைக்கு ஆக்சிஜன் தேவை குறையும். இதயத்தில் சற்று நேரம் ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு அறுவை செய்யலாம் என்று விலங்குகளில் காட்டினார். 1952-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், இதயச் சுவரில் ஓட்டையோடு பிறந்த 5 வயதுச் சிறுமியின் உடலை 28 டிகிரிக்குக் குளிரவைத்து, ஐந்தரை நிமிட நேரத்துக்குள் அந்த ஓட்டையைத் தைத்து மூடினார்கள். அவள் பிழைத்தாள்.

பிறக்கும்போது மூச்சுத் திணறிய பச்சைக் குழந்தைகளை 33, 34 டிகிரியில் 72 மணி நேரம் வைத்திருந்தால் மூளைச் சேதம் குறைகிறது என்று பணக்கார நாடுகளில் கண்டார்கள். இங்கேயும் அப்படியே செய்யலாமா? இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்று நாடுகளிலும் 408 குழந்தைகளை வைத்து முறைப்படி சோதித்தார்கள். 2021-இல் வெளியான முடிவு எல்லாரையும் திகைக்க வைத்தது. நன்மை தெரியவில்லை, இறப்பு கூடியது. ஓரிடத்தில் சரியாக இருந்தது எல்லா இடத்திலும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு தகவல்

மறுபடி பழத்துக்கு வருவோம். மாங்காயை வைக்கோலிலும் அரிசிப் பானையிலும் புதைத்து வைப்பார்கள். வாழைத்தாரை அறைக்குள் அடுக்கிப் புகைமூட்டம் போடுவார்கள். இரண்டிலும் வேலை செய்வது எத்திலீன் என்ற வாயு. பழுக்கும் பழம் தானே அதை உண்டாக்குகிறது என்று 1934-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் நிரூபித்தார். புகையிலும் எத்திலீன் உண்டு. மூடிய இடத்தில் அது வெளியேறாமல் தங்கி, பக்கத்துக் காய்க்கும் ‘பழு’ என்று தகவல் சொல்கிறது. ஒரு பழுத்த பழம் கூடை முழுவதையும் பழுக்க வைப்பது இப்படித்தான்.

நீங்களே பார்க்கலாம். பச்சையாக இருக்கும் நான்கு வாழைப்பழங்களை ஒரே சீப்பிலிருந்து எடுங்கள். ஒன்றைத் திறந்த தட்டில் வையுங்கள். ஒன்றைக் காகித உறையில் தனியாக மூடுங்கள். மூன்றாவதை நன்றாகப் பழுத்த பழம் ஒன்றோடு சேர்த்து உறையில் மூடுங்கள். நான்காவது குளிர்பெட்டிக்குள் போகட்டும். தினமும் ஒரே நேரத்தில் நிறம், வாசனை, மென்மை மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். எது முதலில் பழுக்கிறது? குளிர்பெட்டியில் இருப்பதன் தோல் எப்படி மாறுகிறது, உள்ளே சதை எப்படி இருக்கிறது? வெட்டிப் பாருங்கள்.

தகவலைத் தடுத்தால் பழுப்பதும் தள்ளிப்போகும் அல்லவா? அமெரிக்காவின் எட்வர்ட் சிஸ்லர், சில்வியா பிளாங்கென்ஷிப் இருவரும் அதற்கு ஒரு வாயுவைக் கண்டுபிடித்தார்கள். செல்லில் எத்திலீன் வந்து ஒட்டும் இடத்தில் அது முந்திப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வேறொரு வழியில் போனது. புல்லை வெட்டினால் ஒரு பச்சை வாசனை வருமே, அதில் இருக்கும் பொருட்களில் ஒன்று ஹெக்சனால். பழத்தின் செல் சவ்வைச் சிதைக்கும் நொதி ஒன்றை அது அடக்கும். கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் அறுவடைக்கு முன்பு ஹெக்சனால் கலந்த கரைசலைத் தெளித்துப் பார்த்தார்கள். மாங்காய்கள் மரத்திலேயே கூடுதல் நாட்கள் நின்றன. விலை கிடைக்கும் வரை விவசாயி காத்திருக்கலாம். வாழைத்தோல் கறுப்பது, கல்லீரல் செல் வீங்குவது, மாம்பழம் குழைவது மூன்றிலும் பாதிக்கப்படுவது அந்த மெல்லிய சவ்வுதான் என்பதைக் கவனித்தீர்களா?

உறைந்தும் உயிரோடு

இன்னும் குளிரவைத்து, உறையவே வைத்தால் காலவரையறை இல்லாமல் காக்கலாமே? தடையாக இருப்பது பனிக்கட்டி. செல்லில் இருக்கும் தண்ணீர் உறையும்போது கூரான படிகங்கள் உண்டாகிச் சவ்வைக் கிழித்துவிடும். உறைபெட்டியில் வைத்த தக்காளி இளகியதும் கொழகொழவென்று ஆவது அதனால்தான்.

வட அமெரிக்காவில் காட்டுத்தவளை என்றொரு தவளை இருக்கிறது. பனிக்காலத்தில் அதன் உடல்நீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாகிவிடும். இதயம் நின்றுபோகும், மூச்சும் நின்றுபோகும். வசந்தத்தில் பனி இளகியதும் எழுந்து தாவிப் போய்விடும்! உடல் உறையத் தொடங்கும்போதே அதன் கல்லீரல் ஏராளமான குளுக்கோஸை ரத்தத்தில் கொட்டுகிறது. செல்களுக்குள் அந்தச் சர்க்கரை நிறைவதால் பனிக்கட்டி செல்லுக்கு வெளியே மட்டும் உருவாகிறது.

விஞ்ஞானிகளும் பனிப்படிகமே உருவாகாமல், கண்ணாடி நிலையில் உறையவைக்க முயன்றார்கள். 2023-இல் மினசோட்டா பல்கலைக்கழகம் எலியின் சிறுநீரகங்களை அப்படி 100 நாள் வரை வைத்திருந்தது. இளக்குவதுதான் கடினம், ஒரு பக்கம் சூடாகி மறுபக்கம் குளிர்ந்திருந்தால் விரிசல் விழும். நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களைச் சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களில் நிரப்பி, காந்தப் புலத்தால் எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் சூடாக்கினார்கள். எலிகளுக்குப் பொருத்தியபோது அந்தச் சிறுநீரகங்கள் வேலை செய்தன. மனிதச் சிறுநீரகம் அதைவிடப் பல மடங்கு பெரிது. அதைச் சீராகக் குளிரவைக்கவும் இளக்கவும் இன்னும் நிறைய வேலை பாக்கி இருக்கிறது.

அந்த வேலையில் உங்களில் சிலர் இறங்க வேண்டும் என்பது என் ஆசை. மருத்துவராக விரும்பினாலும் தாவரவியலை ஆர்வமாகப் படியுங்கள். விவசாயம் படிக்கப்போனாலும் ரத்தத்தையும் செல்லையும் தெரிந்துகொள்ளுங்கள். கடுகை ஆராய்ந்தவர்தான் ஆப்பிளைக் காப்பாற்றினார் என்பதை மறக்காதீர்கள்.

ஒன்று மட்டும் எந்த ஆய்வுக்கூடமும் செய்ய முடியாதது. தட்டணுப் பைக்கு 5 நாள் ஆயுள் என்றால், வருடம் முழுக்க யாராவது ஒருவர் வந்து ரத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அர்த்தம். இதயம் 4 மணி நேரம் காத்திருக்கும். ஆனால் அதைக் கொடுக்க ஒரு குடும்பம் தன் துக்கத்துக்கு நடுவிலும் சம்மதித்திருக்க வேண்டும். ஆராய்ச்சியால் நீட்ட முடிவது கொடுத்ததன் ஆயுளைத்தான். உங்களுக்கு 18 வயது ஆனதும் நீங்களும் ரத்தம் கொடுக்கலாம். அதுவரை இதை வீட்டில் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.